வாங்குபவர் வேடத்தில் வந்தவர்கள்

கடைக்குள் ஒருவர் நுழைகின்றார். சட்டை ஒன்றை எடுத்துப் பார்க்கின்றார், விலை கேட்கின்றார், வேறு நிறம் உண்டா என வினவுகின்றார், இறுதியில் ஒரு சிறு பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு, ரசீதைப் பத்திரப்படுத்தி வெளியேறுகின்றார். தெருமுனை திரும்பியதும் அவர் செய்யும் முதல் வேலை ஒரு படிவத்தை நிரப்புவதாகும். விற்பனையாளர் எத்தனை நிமிடம் கழித்து அருகில் வந்தார்? வணக்கம் கூறினாரா? முகமலர்ச்சி இருந்ததா? பெயர் அட்டை அணிந்திருந்தாரா? ரசீதைக் கேட்காமலே கொடுத்தாரா? இவற்றிற்கெல்லாம் 'ஆம்', 'இல்லை' எனக் குறியிட்டு, ஊழியரின் பெயரையும் நேரத்தையும் எழுதி அனுப்பினால், வாங்கிய பொருளின் விலையும் சிறிதளவு கூலியும் அவருக்கு வந்து சேரும். 'மிஸ்டரி ஷாப்பர்' என்பது இப்பணிக்கு வழங்கும் பெயர். நாம் 'மாறுவேட வாடிக்கையாளர்' என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் மாறுவேடம் என்று எதுவும் இல்லை. வாடிக்கையாளர் என்பதே வேடம்.

இன்று பெருநகர்களில் படிப்பின் நடுவே பகுதிநேரமாக இவ்வேலைக்குச் செல்லும் இளையோர் உண்டு. அவர்களுள் ஒருவர் வந்து, "சாமி, இது பொய் சொல்வது ஆகுமா?" என்று கேட்டால் நாம் என்ன மறுமொழி கூறுவோம்? 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ படிவத்தில் குறியிடுவது போல் இதற்கு விடையளிக்க இயலாது. இத்தொழில் எங்கிருந்து வந்தது, யாருக்காகத் தோன்றியது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இதன் வேர் கடையில் இல்லை. இரயில் வண்டியில் இருக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இருப்புப்பாதைகள் விரைந்து பரவின. பயணிகளுள் பலர் வண்டியில் ஏறிய பின்னரே நடத்துநரிடம் கட்டணத்தைக் காசாகக் கொடுத்தனர். அக்காசில் எவ்வளவு நிறுவனத்தைச் சேர்ந்தது, எவ்வளவு நடத்துநரின் சட்டைப்பைக்குள் தங்கியது என்பதை நூறு கல் தொலைவில் அமர்ந்திருந்த முதலாளி அறிய வழியில்லை. இவ்வச்சத்தைத் தொழிலாக மாற்றியவர் ஆலன் பிங்கர்டன். 1855இல் இரயில்வே நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, சிகாகோவில் தம் துப்பறியும் நிலையத்தை நிறுவினார். அவருடைய ஆள்கள் சாதாரணப் பயணிகளாக வண்டியில் ஏறினர், கட்டணம் செலுத்தினர், யார் யார் எவ்வளவு கொடுத்தனர் என எண்ணிக்கொண்டனர், இறங்கிய பின் அறிக்கை எழுதினர். அவ்வாண்டிலேயே நடத்துநர் ஒருவர் கைதாகி வழக்கைச் சந்தித்தார். இத்தகைய ஒற்றர்களுக்குத் தொழிலாளர் இட்ட பெயர் 'ஸ்பாட்டர்'. அப்பெயரில் அன்பு சிறிதும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிங்கர்டனின் வாழ்க்கை நம்மைச் சற்று நிறுத்துகின்றது. 1819இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பீப்பாய் செய்யும் தொழிலாளி. உழைப்பாளருக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தில் பங்கேற்றவர். 1842இல் அமெரிக்கா சென்ற பின், அடிமைத் தளையினின்று தப்பியோடி வந்த கறுப்பின மக்களுக்குத் தம் இல்லத்தில் அடைக்கலம் தந்தவர். இத்தகையவர் தொடங்கிய நிலையம், அவர் மறைந்து எட்டாண்டுகளில், 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைத் தொழிலாளருக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தி நின்றது. தொழிற்சங்கங்களுக்குள் ஒற்றர்களை நுழைத்தது. அமெரிக்க மேலவையின் விசாரணைக் குழு இதனை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்த பின்னரே, 1937இல் அத்தகைய பணியை விட்டுவிடுவதாக அது அறிவித்தது. நிலையத்தின் சின்னம் திறந்த ஒரு கண். அதன் கீழே 'நாங்கள் உறங்குவதேயில்லை' என்னும் வாசகம். உறங்காமல் காப்பவர் என்று திருப்பாடல் 121 போற்றுவது ஆண்டவரையே. அத்திருப்பாடலின் கண் பயணியைக் காக்கின்றது. நிலையத்தின் கண் நடத்துநரை எண்ணுகின்றது. விளம்பரம் எழுதியவர் இதையெல்லாம் எண்ணியிருக்கமாட்டார்!

நடத்துநர்கள் திருடவில்லை என நாம் வாதிடவில்லை. திருடியோர் இருந்தனர். ஆயினும் திருடாத நடத்துநரின் நிலை யாது? ஒருநாள் அலுவலகத்திற்கு அழைக்கப்படுகின்றார். வேலை இல்லை என்று அறிவிக்கப்படுகின்றார். அறிக்கை எழுதியவர் யார், எந்த வண்டியில் வந்தார், எண்ணிக்கையில் தவறினாரா, கூலிக்குத் தக்க குற்றம் தேட வேண்டுமெனப் புனைந்தாரா என எதையும் அவர் கேட்க இயலாது. குற்றம் உண்டு; குற்றம் சாட்டியவரின் முகம் இல்லை. இந்த அநீதியை உணர்ந்து நெவாடா மாநிலம் 1915இல் ஒரு சட்டம் இயற்றியது. ஒற்றரின் அறிக்கையைக் கொண்டு ஓர் ஊழியரின் நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டில் அவரைத் தண்டிக்கவோ நீக்கவோ வேண்டுமானால், அவர் கேட்கும்போது விசாரணை நடத்த வேண்டும். அதில் அறிக்கை எழுதியவரை அவர் நேருக்கு நேர் சந்திக்கவும் தம் பக்கச் சான்றுகளை முன்வைக்கவும் வாய்ப்பளிக்க வேண்டும் என்பதே அச்சட்டம். திருத்தூதர் பணிகள் 25ஆம் அதிகாரத்தில், பவுலைப் பற்றி அகிரிப்பா அரசரிடம் பேசும் பெஸ்து ஏறக்குறைய இதையே உரோமையரின் வழக்கம் எனக் கூறுகின்றார். ஒரு புற இன ஆளுநர் அறிந்திருந்த நீதியைப் பெற இரயில் ஊழியர் 1915 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் ஒரு மாநிலத்தில்!

இவ்விடத்தில் நாம் பிறரை மட்டும் குறைகூறிச் செல்வது தகாது. நம் திருச்சபையின் சமய விசாரணை மன்றங்களும் சாட்சிகளின் பெயரைக் குற்றம் சாட்டப்பட்டோருக்கு மறைத்தன. சாட்சிகளுக்கு ஆபத்து நேரலாம் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எஞ்சிய வழி, தம் கொடிய பகைவர் யார் யார் எனப் பட்டியலிட்டுக் கொடுப்பதாகும். சாட்சியின் பெயர் அதில் இருந்தால் அச்சாட்சியம் தள்ளப்படும். இருளில் கை நீட்டித் தன்னைக் குத்தியவனைத் தேடுவது போன்ற நிலை அது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஒவ்வொருவரின் நற்பெயருக்கும் உரிமை உண்டு என 220ஆம் சட்டத்தில் அறிவிக்கும்போது, இந்நெடிய வரலாறு அதன் பின்னே நிற்கின்றது.

மீண்டும் கடைக்கு வருவோம். 1879இல் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், ஊழியர் காசைத் திருடுவதைத் தடுக்க ஓர் எந்திரம் கண்டுபிடித்தார். 'ஊழல்படாத காசாளர்' என்று அதற்குப் பெயரும் சூட்டினார். இன்றைய காசுப் பதிவு எந்திரங்களின் மூதாதை அதுவே. எந்திரம் பரவப் பரவ, காசை எண்ணும் வேலையில் ஒரு பங்கு ஒற்றரிடமிருந்து அதற்குக் கைமாறியது. எனினும் ஒற்றர் மறையவில்லை. பெரிய பல்பொருள் அங்காடிகள் எழுந்தபோது ஊழியரின் நாணயத்தைச் சோதிக்க அவர்களே அமர்த்தப்பட்டனர். 1940களில் வில்மார்க் என்னும் நிறுவனம் 'மிஸ்டரி ஷாப்பிங்' என்ற பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்ததாகக் கூறுவர். அதன்பின் சோதனையின் பொருளே மெல்ல மாறியது. காசு சரியாக இருக்கின்றதா என்ற கேள்விக்கு அருகே, புன்னகை சரியாக இருக்கின்றதா என்ற கேள்வியும் வந்து அமர்ந்தது.

இம்மாற்றத்தை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. காசை எண்ணலாம், புன்னகையை எவ்வாறு எண்ணுவது? 1983இல் ஆர்லி ஹாக்சைல்ட் என்னும் சமூகவியல் அறிஞர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். உடல் உழைப்பு, மூளை உழைப்பு ஆகியவற்றோடு 'உணர்ச்சி உழைப்பு' என ஒன்றும் உண்டு. முகத்தின் மகிழ்ச்சியும் கூலிக்கு விற்கப்படுகின்றது என்பது அவர் கண்ட உண்மை. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பணிபுரியும் ஒரு பெண், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் எனினும், வருகின்ற ஒவ்வொருவரையும் 'இவர் அவராக இருக்கலாம்' என்ற ஐயத்தோடு வரவேற்கின்றார். அவர் தரும் வணக்கம் வந்தவருக்கு உரியதா, வராத முதலாளிக்கு உரியதா? ஒற்றர் வராத நாளிலும் ஒற்றர் வேலை நடந்துகொண்டேயிருக்கின்றது. நிறுவனத்திற்கு அதுவே இலாபம்.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் வழி வேறு. சகோதரர் குற்றம் செய்தால் முதலில் தனியே சென்று அவரிடமே எடுத்துரைக்க வேண்டும். பின்னரே ஓரிரு சாட்சிகள். அதன் பின்னரே திருச்சபை. மாறுவேட வாடிக்கையாளரின் பாதை இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றது. அறிக்கை முதலில் மேலே செல்லும். குற்றம் செய்தவர் கடைசியாக அறிவார். சில வேளைகளில் அறியவேமாட்டார்.

ஆயினும் 'இது பொய்யா?' என்ற கேள்வி இன்னும் நம்முன் நிற்கின்றது. அக்கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன், இதையொத்த ஒரு நிகழ்ச்சியில் புனித அகுஸ்தினார் தீர்ப்புரைத்திருக்கின்றார்.

அந்நாளில் இஸ்பானிய நாட்டில் பிரிசில்லியானின் தப்பறையைப் பின்பற்றியோர் இருந்தனர். தம் கொள்கையைக் காக்கப் பொய் கூறலாம் என்று அவர்கள் எண்ணியமையால், வெளியே கத்தோலிக்கராகவே நடமாடினர். அவர்களைக் கண்டறிய பலெயாரிக் தீவுகளில் வாழ்ந்த கொன்சென்சியுஸ் என்னும் அறிஞர் ஓர் உபாயம் கண்டார். புரோந்தோ என்னும் துறவியைத் தராகோனா நகரில் தப்பறைக்காரர் போல் நடிக்கச் செய்தார். புரோந்தோ ஒரு பெண்ணிடம் தம்மவர் போலப் பழகி நம்பிக்கை பெற்றார். அவரும் மனம் திறந்து, குழுவின் தலைவராக ஒரு குருவைக் காட்டிக்கொடுத்தார். குற்றச்சாட்டு ஆயர்களின் முன் வந்தது. பெரும் குழப்பம் விளைந்தது. மக்கள் புரோந்தோவின்மீதே சினங்கொண்டனர். அவர் இறுதியில் தென் கால்லியாவின் ஆர்ல் நகருக்குச் சென்று சேர்ந்தார். இவற்றையெல்லாம் விவரித்து கொன்சென்சியுஸ் அகுஸ்தினாருக்கு எழுதிய மடல் பல நூற்றாண்டுகள் அறியப்படாமலே கிடந்தது. யோகன்னஸ் திவ்யாக் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கண்டெடுத்த மடல்களோடு 1981இல்தான் அது அச்சேறியது. குருமடத்தில் அகுஸ்தினாரின் மறுமொழியை மட்டும் பயின்ற தலைமுறைக்கு, கேள்வியை எழுப்பிய நிகழ்ச்சியைப் பின்னர் படிப்பது தனியொரு சுவை.

420ஆம் ஆண்டளவில் அகுஸ்தினார் எழுதிய 'பொய்க்கு எதிராக' என்னும் நூலே அம்மறுமொழி. தப்பறையைக் கண்டறிய வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. பொய்யால் கண்டறியலாம் என்பதை முற்றாக மறுக்கின்றார். பொய் கூறலாம் என்பதே அவர்களின் தவறெனில், அவர்களைப் பிடிக்க நாமும் பொய் கூறும்போது அத்தவற்றிற்கே உடன்படுகின்றோம் என்பது அவருடைய வாதம். மேலும், பொய்யுரைத்துப் பிடித்தவரை நாளை உண்மைக்கு அழைக்கும்போது, அவர் நம் சொல்லை எவ்வாறு நம்புவார் என்றும் கேட்கின்றார். நடிப்பவரின் சொல்லால், தப்பறையில் தளர்ந்திருந்தவர் அதிலேயே உறுதிப்படக்கூடும் என்ற அச்சமும் அவருக்கு உண்டு.

இவ்வச்சம் நம் நாட்டு அரசியல் நூலுக்கும் அன்னியமன்று. அமைச்சரை அறம், பொருள், இன்பம், அச்சம் என்னும் நால்வகை 'உபதை'யால் ஒற்றரைக் கொண்டு சோதிக்க அர்த்தசாத்திரம் வழி கூறுகின்றது. திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரமும் இந்நான்கினைச் சுட்ட, பரிமேலழகர் அவற்றை விரித்துரைக்கின்றார். ஆயினும் ஈவிரக்கம் குறைந்தவராகக் கருதப்படும் கௌடிலியரே, மாசற்றவரைச் சோதனையால் மாசுபடுத்திவிடலாகாது, அது தண்ணீரில் நஞ்சு கலப்பதாகும் என எச்சரிக்கின்றார். இரயில்வே முதலாளிகளிடம் அவ்வச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

புனித தோமா அக்குவினார் இக்கேள்வியில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகின்றார். செயலாலும் பொய்யுரைக்கலாம் என்பது அவர் கருத்து. ஆனால் உண்மையனைத்தையும் வெளியிடாதிருத்தல் பொய்யன்று. எம்மாவு வழியில் ஆண்டவர் அப்பால் செல்பவர் போலக் காட்டிக்கொண்டாரே என்ற மறுப்பையும் எடுத்துக்கொண்டு அவர் விடையளிக்கின்றார். இதன்படி நம் இளைஞருக்கு ஒன்று கூறலாம். கடைக்குள் சென்று பொருள் வாங்கிக் காசு கொடுப்பவர் மெய்யாகவே வாங்குகின்றார். தாம் யாரால் அனுப்பப்பட்டவர் என்பதைச் சொல்லாதிருப்பது மறைத்தலே. ஆனால் இல்லாத மனைவிக்குப் புடவை தேடுவதாகவும், இல்லாத நோய்க்கு மருந்து வேண்டுவதாகவும், செய்யாத குறையைச் செய்ததாகவும் சண்டையிட்டு ஊழியரின் பொறுமையைச் சோதிக்கும்போது கோடு கடக்கப்பட்டுவிடுகின்றது. அனுப்பும் நிறுவனம் எழுதித் தரும் கதையையும் கூலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். (இத்தொழிலின் பெயரைச் சொல்லியே போலிக் காசோலை அனுப்பி, வேலை தேடுவோரின் பணத்தைப் பறிக்கும் மோசடியும் வெளிநாடுகளில் பெருகியிருக்கின்றது. முகம் மறைத்துச் செய்யும் தொழிலில் முகமூடிக் கள்வர் நுழைவது எளிது.)

'ஆண்டவரே மாறுவேடத்தில் வருவதாக மத்தேயு 25ஆம் அதிகாரம் கூறவில்லையா?' என ஒருவர் கேட்கலாம். கேட்டும் இருக்கின்றனர். பசித்தவராக, அன்னியராக, ஆடையற்றவராக அவர் வந்தார். வலப்பக்கம் நின்றோரும் இடப்பக்கம் நின்றோரும் அவரை அறிந்துகொள்ளவில்லை என்பது மெய்யே. ஆனால் அங்கே பசி நடிப்பன்று. சோறு கிடைக்காதவர் உண்மையாகவே பட்டினி கிடந்தார். அவர் சோதிக்க வரவில்லை; பசியோடு வந்தார்.

இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு பார்த்தால், வரலாற்றில் வேறொரு வகை மாறுவேடமும் கண்ணில் படுகின்றது. திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளரின் நிலை குறித்து 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்ட அதே 1891இல், நியூயார்க் நகரில் ஜோசஃபின் ஷா லோவெல் தலைமையில் நுகர்வோர் கழகம் ஒன்று உருவாயிற்று. வாங்குபவர்களாகிய இப்பெண்கள், கடை ஊழியப் பெண்களின் கூலி, பணிநேரம், உட்கார இருக்கை உண்டா என்பனவற்றை விசாரித்து, நேர்மையாக நடத்தும் கடைகளின் பெயர்களை மட்டும் 'வெள்ளைப் பட்டியல்' என வெளியிட்டனர். வாடிக்கையாளரின் கண் இங்கே ஊழியரைவிட்டு முதலாளியின்பக்கம் திரும்பியது. இல்லினாய்ஸ் நுகர்வோர் கழகத்தின் ஆய்வுக்காக ஆனி மரியன் மெக்லீன் என்னும் சமூகவியல் மாணவி ஒருபடி மேலே சென்றார். கிறிஸ்து பிறப்பு விழாக்கால நெரிசலில், தாம் யாரென்று சொல்லாமல் சிகாகோவின் இரு அங்காடிகளில் விற்பனைப் பெண்ணாகவே வேலைக்குச் சேர்ந்தார். நீண்ட பணிநேரம், நின்றே கழியும் பகல், உணவுக்கும் தங்குமிடத்திற்கும் போதாத கூலி ஆகியவற்றைத் தம் உடலிலேயே அறிந்து, 'பல்பொருள் அங்காடிகளில் இரண்டு வாரம்' என்னும் கட்டுரையை 1899இல் வெளியிட்டார். அவரும் மறைத்தார், ஆனால் அவருடைய கால்கள் மெய்யாகவே வலித்தன. உலகம் கொண்டாடும் பிங்கர்டனைவிட, பெயர் மறக்கப்பட்ட இம்மாணவியின் இரண்டு வாரங்கள் நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

இவ்வழியில் இறுதியாக ஒரு வழக்கு. 1968இல் அமெரிக்கா இயற்றிய நேர்மையான குடியிருப்புச் சட்டம், இனத்தின் பெயரால் வீடு மறுப்பதைத் தடைசெய்தது. காலியாக உள்ள வீட்டை இல்லை என்று எவரிடமும் இனம் பற்றிப் பொய் கூறலாகாது எனவும் விதித்தது. சட்டம் வந்த பின் கதவை அறைந்து சாத்துவோர் குறைந்தனர். புன்னகையோடு 'காலி இல்லை' என்போர் பெருகினர். அப்புன்னகையைப் பொய் என்று மெய்ப்பிப்பது எவ்வாறு? வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் இயங்கிய ஒரு குடியிருப்புரிமை அமைப்பு, சோதனையாளர்களை அனுப்பியது. 1978இல் கறுப்பினப் பெண்ணான கோல்மன் சென்று கேட்டபோது வீடு இல்லை என்றனர். வெள்ளையர் ஒருவர் சென்று கேட்டபோது இருக்கின்றது என்றனர். உண்மையிலேயே குடியிருக்க வீடு தேடி ஏமாந்த கறுப்பினத்தவர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்து வழக்காடினார்.

'ஹேவன்ஸ் ரியால்டி எதிர் கோல்மன்' என்னும் அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கோல்மன் வீடு தேடியவரே அல்லர். பொய்யை எதிர்பார்த்தே சென்றவர். அவருக்கு என்ன இழப்பு என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. 1982இல் நீதியரசர் பிரென்னன் எழுதிய தீர்ப்பில் அதற்கு விடை இருந்தது: வீடு பற்றிய உண்மையைப் பெறும் உரிமையைச் சட்டம் ஒவ்வொருவருக்கும் தந்திருக்கின்றது; அவர் என்ன நோக்கத்தோடு கேட்டிருந்தாலும், பொய் கூறப்பட்டபோது அவ்வுரிமை பறிக்கப்பட்டது; ஆகவே கோல்மன் வழக்காடலாம். உடன்சென்ற வெள்ளையருக்கோ உண்மையே கூறப்பட்டிருந்தமையால், அந்த அடிப்படையில் வழக்காடும் உரிமை அவருக்கு இல்லை என நீதிமன்றம் கூறிவிட்டது.